ரக்பி வீரரோடு கூட்டு வியாபாரம்: பாதிக்குப் பாதி வேண்டாம், வீட்டையும் வைக்க வேண்டாம்

கேள்வி: நான் ஹரோவில் பதினொரு வருடமாகக் கேட்டரிங் செய்கிறேன். பிறந்தநாள், சாமத்தியவீடு, கோயில் அன்னதானம் என்று ஓடர்கள் வருகின்றன. கணவரும் இன்னும் நாலு பேரும் என்னோடு வேலை செய்கிறார்கள். போன வருடம் ஒரு விருந்தில் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்ட ஒருவர் தேடி வந்து பேசினார். பிஜி நாட்டுக்காக ரக்பி விளையாடியவர், இங்கே கிளப்புகளிலும் ஆடி 34 வயதில் ஓய்வுபெற்றவர். மட்ச் நாட்களில் மைதானங்களில் சாப்பாடு விற்கும் கம்பனி ஒன்றைத் தன் பெயரில் என்னோடு சேர்ந்து தொடங்க விரும்புகிறார். 40,000 பவுண் போடுவாராம், பாதிக்குப் பாதி பங்கு. வானுக்கும் சாமான்களுக்கும் இன்னும் 60,000 பவுண் கடன் தேவை. அதற்கு எங்கள் வீட்டைப் பிணையாகக் கேட்கிறார்கள். கணவருக்கு முழுச் சம்மதம். அண்ணா வேண்டவே வேண்டாம் என்கிறார். அந்த மனிதர் நல்லவர், அவரை நோகடிக்கவும் விருப்பமில்லை. நான் என்ன செய்வது? அவரிடம் எப்படிச் சொல்வது?
– ஹரோ வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

சேர்ந்து செய்யுங்கள். ஆனால் பாதிப் பங்கு கொடுக்க வேண்டாம், வீட்டை வைக்க வேண்டாம். உங்கள் கணவர் காணும் வாய்ப்பு உண்மையானது, அண்ணாவின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. இரண்டு பேருமே சரி என்பதால்தான் உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு முடியாமல் இழுபடுகிறது.

முதலில் அந்த வீரரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். 1995 ஆகஸ்டில்தான் ரக்பி யூனியன் என்ற ரக்பி வகை தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் நாட்டுக்காக விளையாடியவர்களுக்கும் திங்கட்கிழமை போக ஒரு வேலை இருந்தது. ஆட்டத்தை விட்ட பிறகும் அந்த வேலை இருந்தது. இப்போதுள்ளவர்கள் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கிளப்புக்குள் போகிறார்கள். முப்பது தாண்டியதும் உடம்பு விடை கொடுத்துவிடுகிறது. கையில் கொஞ்சம் பணம், ஊருக்குத் தெரிந்த பெயர், முன்னால் முப்பது வருட உழைப்புக் காலம், ஆனால் வேறு தொழில் தெரியாது. பிஜி, சமோவா, டோங்கா வீரர்கள் பலருக்கு இதற்கு மேல் இன்னொரு பாரமும் உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி ஊருக்கும் உறவுகளுக்கும் போய்க்கொண்டே இருக்கும். நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே அவர் 40,000 பவுண் என்று சொல்லும்போது அது அவருடைய சேமிப்பில் பெரிய பங்காக இருக்கலாம். அந்தப் பணத்தையும் நீங்கள் காப்பாற்ற வேண்டும். நான் கீழே சொல்லும் ஏற்பாடு அவரையும் நினைத்துச் சொல்வதுதான்.

சாப்பாட்டுத் தொழிலுக்கு வரும் முதல் ரக்பி வீரர் இவர் அல்ல. இங்கிலாந்து 2003-இல் உலகக் கோப்பையை வென்றபோது முன்வரிசையில் நின்ற ஃபில் விக்கரி, இங்கிலாந்துக்காக 73 போட்டிகள் ஆடியவர். கழுத்துக் காயத்தால் 2010-இல் ஓய்வுபெற்றார். அடுத்த வருடமே பிரபலங்களுக்கான மாஸ்டர்செஃப் போட்டியில் வென்றார், பின்னர் செல்ட்டன்ஹாமில் ஓர் உணவகம் வைத்தார். வேல்ஸின் கவின் ஹென்சன் மனைவியோடு ஒரு கிராமத்துப் பப்பை எடுத்து நடத்தினார். தென்னாப்பிரிக்காவின் பக்கீஸ் போத்தா இறைச்சிக்கடை திறந்தார். ஆனால் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியவை வேறு இரண்டு கதைகள்.

ஒன்று, குளொஸ்டர் வீரர் மைக் பேர்ட்டனுடையது. 17 தடவை இங்கிலாந்துக்கு ஆடியவர், 1974-இல் தென்னாப்பிரிக்காவில் தோற்காத லயன்ஸ் (பிரித்தானியா, அயர்லாந்து கூட்டு) அணியோடு போனவர். 1975-இல் பிரிஸ்பேனில் வெளியேற்றப்பட்டு, சர்வதேசப் போட்டியில் மைதானத்தை விட்டு அனுப்பப்பட்ட முதல் இங்கிலாந்து வீரர் என்ற பெயரையும் வாங்கியவர். அவர் பிறகு கட்டிய தொழில், பெரிய போட்டிகளுக்கு வரும் கம்பனி விருந்தினருக்கு டிக்கெட், பயணம், மேசை, சாப்பாடு, உபசரிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து விற்பது. அவர் விற்றது சமையலை அல்ல. ரக்பி உலகத்தில் தனக்கு யாரைத் தெரியும், அந்த நாளில் மக்கள் எதற்குச் செலவழிப்பார்கள் என்ற அறிவைத்தான் விற்றார். தன்னிடம் இருந்தது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மற்றது டப்ளினில். 2014-இல் போல்ஸ்பிரிட்ஜ் பகுதியில், அவிவா மைதானத்துக்கும் ஆர்.டி.எஸ். மைதானத்துக்கும் நடக்கும் தூரத்தில், த பிரிட்ஜ் 1859 என்ற பப்பில் அயர்லாந்து வீரர்கள் நால்வர் பங்கெடுத்தார்கள்: ஜேமி ஹீஸ்லிப், ரொப் கேர்னி, டேவ் கேர்னி, ஷோன் ஓ'பிரையன். அப்போது அவர்கள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பப்பை நடத்தியவர் நோயல் அண்டர்சன் என்ற தொழில் தெரிந்த ஆள். வீரர்களின் பெயர் கூட்டத்தைச் சேர்த்தது, அவர்களின் பணம் முதலானது, இரவில் கல்லாவைக் கணக்குப் பார்த்தது தொழில்காரர்.

உங்கள் விஷயத்திலும் இந்த மூன்றையும் பிரித்துப் பாருங்கள். அந்த வீரர் கொண்டுவருவது ஒரு பொருள் அல்ல, மூன்று: பெயர், பணம், உழைப்பு. "பாதிக்குப் பாதி" என்று சொல்லும்போது மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, விலை பார்க்காமல் கைமாற்றுகிறீர்கள். நான் கணக்காளராகக் கண்ட கூட்டு வியாபாரச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தப் பொட்டலத்தை அவிழ்க்கும்போது வந்தவை. ஒருவர் "என் பணம்" என்பார், மற்றவர் "என் உழைப்பு" என்பார், இரண்டையும் நிறுக்க எழுத்தில் எதுவும் இருக்காது.

பெயருக்கு ஒரு உரிம ஒப்பந்தம் எழுதுங்கள். அவர் பெயரையும் படத்தையும் கம்பனி பயன்படுத்தும், அதற்கு விற்பனையில் 2 அல்லது 3 வீதம் அவருக்குப் போகும், அவர் விலகினால் இத்தனை மாதத்துக்குள் பெயரை எடுத்துவிட வேண்டும். அவருடைய பெயர்தான் அவருடையது. பிஜி ரக்பி யூனியனின் சின்னமோ, அவர் ஆடிய கிளப்பின் இலச்சினையோ, அவர் பந்தோடு ஓடும் பத்திரிகைப் படமோ அவருடையவை அல்ல. வானில் ஒட்டுவதற்கு முன் அனுமதி வேண்டும். பெயரையும் வர்த்தகக் குறிப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். மேலே சொன்ன ஃபில் விக்கரியின் பெயரிலேயே, அவருக்கு உறவில்லாத ஒரு தொலைக்காட்சிச் சமையல்காரர் முன்பே பிரபலமாக இருந்தார். இப்படியும் நடக்கும்.

பணத்தைக் கடனாக வாங்குங்கள். 40,000 பவுணைப் புதுக் கம்பனிக்கு அவர் தரும் கடனாக எழுதி, வட்டியையும் திருப்பும் காலத்தையும் குறியுங்கள். வியாபாரம் நன்றாகப் போனால் அவருக்குப் பணம் திரும்பும், பங்கும் மிஞ்சும். பங்காக மட்டும் போட்டால், அவருக்குப் பணம் அவசரமாகத் தேவைப்படும் நாளில் அதை வாங்குவதற்கு ஆள் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

உழைப்புக்குச் சம்பளம். அவர் வேலை செய்த மணித்தியாலத்துக்கு மற்றவர்களைப் போலவே பட்டியலில் பெயர் போட்டு, வரி பிடித்துச் சம்பளம் கொடுங்கள்.

இவற்றுக்குப் பிறகுதான் பங்கு. முதலில் 10 வீதம் கொடுக்கலாம். ஒவ்வொரு சீசனும் முழுதாக வேலை செய்தால் 5 வீதம் கூடும், மூன்று சீசனில் 25 வீதத்தில் நிற்கும். ஏன் 25? கம்பனியின் அமைப்பு விதிகளை மாற்றுவது போன்ற பெரிய தீர்மானங்களுக்கு 75 வீத வாக்கு வேண்டும். 25-ஐத் தாண்டிய பங்குக்காரர் தனியாகவே அதைத் தடுக்கலாம். சரிபாதி என்றால் நிலைமை இன்னும் மோசம். சாதாரணத் தீர்மானத்துக்கே பாதிக்கு மேல் வேண்டும், இரண்டு பேரும் முரண்பட்டால் சோறு வடிக்கும் பானை வாங்குவதற்கும் முடிவெடுக்க முடியாது.

இது புதுக் கம்பனியாகவே இருக்கட்டும். பதினொரு வருடமாக நீங்கள் கட்டிய பிறந்தநாள், சாமத்தியவீட்டு ஓடர்கள் பழைய வியாபாரத்திலேயே இருக்கட்டும். அதற்குள் யாரையும் சேர்க்க வேண்டாம். புதுக் கம்பனி உங்கள் சமையலறையைப் பயன்படுத்தினால் அதற்கு வாடகை கொடுக்க வேண்டும், கணக்கும் வங்கியும் தனியாக இருக்க வேண்டும். வற் (VAT) வரியைத் தவிர்ப்பதற்காகப் பிரித்தது போல் தோன்றினால் வரித்துறை இரண்டையும் ஒரே வியாபாரமாக எடுத்துக்கொள்ள முடியும். பிரிவு உண்மையான பிரிவாக இருந்தால்தான் நிற்கும்.

இனி எனக்கு அதிகம் கவலை தரும் இடம், அந்த 60,000 பவுண் கடன். மட்ச் நாள் வியாபாரம் என்றதும் கண்முன் வருவது 82,000 பேர் அமரும் ட்விக்கன்ஹாம். அப்படிப்பட்ட மைதானங்களில் சாப்பாடு விற்கும் உரிமை லெவி போன்ற மிகப் பெரிய நிறுவனங்களிடம் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது அவர்களுக்குக் கீழே ஒரு மூலை, அல்லது ஒரு கிளப் மைதானத்தின் வெளிமுற்றம். இங்கிலாந்தின் மேல்மட்ட லீக்கில் இப்போது பத்து அணிகள், ஓர் அணிக்கு 18 லீக் ஆட்டங்கள், அதில் சொந்த மைதானத்தில் ஒன்பது. ஐரோப்பியப் போட்டி, கோப்பைப் போட்டி சேர்ந்தாலும் பெரும்பாலும் பதினைந்துக்குள்தான்.

ஒரு மட்ச் நாளைக் கணக்குப் பார்ப்போம். எண்கள் என் உத்தேசம், உங்கள் அனுபவத்தால் திருத்திக்கொள்ளுங்கள். 600 தட்டுகள், ஒன்று 11 பவுண், மொத்தம் 6,600. 12 மாத விற்பனை 90,000 பவுணைத் தாண்டினால் வற் பதிவு கட்டாயம், கேட்டரிங்குக்கு வீதம் 20. புதுக் கம்பனியின் மற்ற ஓடர்களோடு சேர்ந்து தாண்டுவீர்கள் என்று வைத்தால், அந்த 6,600-இல் ஆறில் ஒன்று, 1,100 பவுண், வரிக்குப் போகும். மிச்சம் 5,500. மரக்கறி, இறைச்சி, அரிசி, பெட்டி எல்லாம் 30 வீதம் என்றால் 1,650. எட்டுப் பேர் பத்து மணித்தியாலம், எல்லாச் செலவும் சேர்த்து மணிக்கு 14 பவுண், 1,120. மைதானத்துக்காரர் இடத்துக்கு 20 வீதம் எடுத்தால் 1,100. வான், எரிவாயு, குப்பை, காப்புறுதி 400. கையில் நிற்பது 1,230 பவுண். மழை பெய்யாத, விற்பனை தடைப்படாத ஒன்பது நாளுக்கு 11,070.

60,000 பவுணை 9 வீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,245. வருடத்துக்கு 15,000-க்குச் சற்றுக் குறைவு. உங்களுக்கும் அவருக்கும் ஒரு சதம்கூட எடுக்காமல், ஒன்பது லீக் ஆட்டங்களின் முழு லாபமும் தவணைக்கே காணாது. இந்தக் கணக்கைக் கணவருக்கு முன்னால் வைத்து, இருவருமாக ஒவ்வொரு எண்ணையும் மாற்றிப் பாருங்கள். வாடகை வானோடு முதல் சீசனை ஓட்டினால் கடனே தேவைப்படாது. அவருடைய 40,000-இலும் பாதியை எடுக்காமல் வைக்கலாம்.

வீட்டைப் பற்றி இன்னும் ஒன்று. "லிமிட்டட் கம்பனிதானே, அதன் கடன் நம் வீட்டைத் தொடாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனிப்பட்ட உத்தரவாதத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தோடு அந்தப் பாதுகாப்பு போய்விடும். வீடு இருவர் பெயரிலும் இருந்தால் இரண்டு கையெழுத்தும் கேட்பார்கள். 2001-இல் பிரபுக்கள் சபை கொடுத்த எட்ரிட்ஜ் தீர்ப்புக்குப் பிறகு, துணைவரின் கடனுக்குப் பிணை நிற்பவர் தனியாக ஒரு சொலிசிட்டரிடம் விளக்கம் கேட்டிருக்கிறாரா என்று வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சந்திப்பு சும்மா ஒரு சடங்கு என்று நினைக்காமல், கணவர் இல்லாமல் போய், கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள். பிஜிக்காரரிடம் வீடு இருந்தால் அவர் அதை வைக்கிறாரா என்றும் யாராவது கேட்டார்களா?

கிளப்பை நம்புவதிலும் கவனம் வேண்டும். வூஸ்டர் 2022 செப்டெம்பரிலும், வாஸ்ப்ஸ் அடுத்த மாதமும், லண்டன் ஐரிஷ் 2023 ஜூனிலும் கடனில் மூழ்கி மேல்மட்ட லீக்கிலிருந்து மறைந்தன. நூறு வருடத்துக்கு மேல் பழைய கிளப்புகள் மூன்றும். அப்படி ஒரு கிளப் விழும்போது, பிணை எதுவும் இல்லாமல் சாமான் கொடுத்தவர்கள் கடன்காரர் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். கிளப் விருந்துகளுக்கு முன்பணம் வாங்குங்கள், 30 நாளுக்கு மேல் தவணை கொடுக்க வேண்டாம். அரிசிக்காரர் உங்களிடம் வாரா வாரம் கேட்பார்.

காப்புறுதிப் பத்திரத்தை ஒரு மாலை உட்கார்ந்து வாசியுங்கள். டப்ளின் குழு பிறகு எடுத்த லெமன் அண்ட் டியூக் என்ற பப், கொரோனா காலத்தில் தன் காப்புறுதிக் கம்பனியை நீதிமன்றத்துக்கு இழுத்த நான்கு பப்களில் ஒன்று. அவர்களின் பத்திரத்தில், 25 மைலுக்குள் தொற்றுநோய் பரவி அதிகாரிகள் மூடச் சொன்னால் நட்டஈடு கிடைக்கும் என்று ஒரு பகுதி இருந்தது. 2021 பெப்ரவரியில் டப்ளின் உயர் நீதிமன்றம் பப்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வரி இல்லாத பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பிடி இருக்கவில்லை.

அவருடைய உடம்பைப் பற்றியும் பேச வேண்டும், மரியாதையோடு. கழுத்து, முழங்கால், தோள் என்று ஏதாவது ஒரு காயம் இல்லாமல் இந்த ஆட்டத்திலிருந்து வெளியே வருபவர்கள் குறைவு. இருபது கிலோ சட்டியை நாள் முழுக்கத் தூக்கும் வேலை இது. தலையில் பட்ட அடிகள் இன்னும் பெரிய விஷயம். 2003 கோப்பை அணியின் ஸ்டீவ் தொம்சன், இளவயது மறதிநோய் கண்டறியப்பட்ட பிறகு, அந்தக் கோப்பையை வென்றதே தனக்கு நினைவில்லை என்று 2020-இல் வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் பங்காளிக்கு எதுவும் வராமல் இருக்கட்டும். ஆனால் இருவரில் யாருக்காவது வேலை செய்ய முடியாமல் போனால் பங்கை யார், என்ன விலைக்கு, எத்தனை தவணையில் வாங்குவது என்பது பங்குதாரர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அது அவருடைய குடும்பத்தையும் காக்கும்.

சட்டப்படி செய்ய வேண்டியவற்றில் பல உங்களுக்குப் பழக்கமானவை. புதுக் கம்பனியைத் தொடங்க 28 நாளுக்கு முன் கவுன்சிலில் உணவு வியாபாரமாகப் பதிய வேண்டும். 14 ஒவ்வாமைப் பொருட்களின் விவரமும் வேண்டும், முன்கூட்டியே பொதி செய்து விற்கும் றோல்ஸ், பற்றிஸுக்கு 2021 ஒக்டோபரிலிருந்து முழு லேபிளும் வேண்டும். ஆள் வைத்தால் குறைந்தது 50 லட்சம் பவுணுக்குத் தொழில் தருநர் காப்புறுதி கட்டாயம். சுகாதார மதிப்பெண் ஐந்துக்குக் குறைந்தால் மைதானத்துக்காரர்கள் பேசுவதே கடினம்.

உணவுப் பட்டியலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் உங்கள் சமையலைத் தேடி வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 1879-இலிருந்து 1916 வரை கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து பிஜிக்கு ஆட்களைக் கொண்டுபோனார்கள், 1903-இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் போனார்கள். கறியும் ரொட்டியும் அங்கே எல்லாருடைய சாப்பாடாகிவிட்டது. அவர்களுக்கும் மரவள்ளிக் கிழங்கு உண்டு, தேங்காய்ப்பால் உண்டு. மீனை எலுமிச்சைப் புளியில் ஊறவைத்துத் தேங்காய்ப்பால் விடும் கொக்கொண்டா என்ற பதார்த்தம் உண்டு. உங்கள் மரவள்ளிக் கறி, ஆட்டிறைச்சிக் கறி, கொத்து ரொட்டியோடு அவருடைய ஊர்ச் சாப்பாட்டில் இரண்டைச் சேருங்கள். பர்கரும் சிப்ஸும் விற்கும் பத்து வான்களுக்கு நடுவில், இந்தத் தட்டு உங்கள் இருவரையும் தவிர வேறு யாரிடமும் கிடைக்காது. அவருடைய பெயரை வானில் ஒட்டுவதற்கு இது நியாயமான காரணமும் ஆகும்.

கடைசியாக, அவரிடம் எப்படிச் சொல்வது. நீங்கள் நினைப்பதைவிட இது இலகு. தொழில்முறை வீரர்கள் பலரின் ஒப்பந்தங்களில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, ஆடிய போட்டிக்கான பணம் ஒரு வரி, படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான பணம் இன்னொரு வரி. பெயருக்கும் உழைப்புக்கும் தனித்தனி விலை என்பது அவருக்குப் புதிதாக இருக்காது, அவமானமாகவும் படாது. வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். சாப்பாடு முடிந்ததும் மேலே உள்ள மட்ச் நாள் கணக்கைக் கடதாசியில் எழுதிக் காட்டுங்கள். "உங்கள் பணமும் என் வீடும் இரண்டுமே தப்ப வேண்டும், அதற்காக இப்படி எழுதுவோம்" என்று சொல்லுங்கள். சீசன் செப்டெம்பரில் தொடங்கும். அதற்கு முன் கோடையில் நாலைந்து ஓடர்களுக்கு அவரை உங்கள் சமையலறைக்கு வரச் சொல்லுங்கள், சம்பளத்தோடு. காலை ஐந்து மணிக்கு வெங்காயம் உரிக்கவும் இரவு பதினொரு மணிக்குச் சட்டி கழுவவும் அவர் வந்து நின்றால் ஒப்பந்தத்தை எழுதக் கொடுங்கள். ஆளுக்கொரு சொலிசிட்டர் இருக்கட்டும், ஒரே ஆள் இருவருக்கும் வேண்டாம். அந்தப் பேச்சில் உங்கள் அண்ணாவையும் உட்காரச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகளைத்தான் வங்கியும் கேட்கும்.